தீட்டில்லாத நாளில் ஊசி

கூக்கால் ஊர்ச் சண்முகவள்ளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள்மேல் பாதி, என்மேல் பாதி.

அறுபத்திரண்டாம் வருஷம், மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில், லிடியா அம்மாவின் சின்ன மருந்தகத்தில் நான் ஆயா. அவர் சீனாவில் இருந்துவிட்டு இங்கே வந்த வெள்ளைக்கார நர்ஸ். அங்கே கற்றுக்கொண்ட வைத்தியப்படி, மயிரிழை ஊசிகளைக் காலிலும் வயிற்றிலும் குத்தி மாதவிலக்கு வலியைத் தணிப்பார். அவர் இங்கிலீஷை நான்தான் தமிழில் சொல்வேன்.

சண்முகவள்ளிக்கு இருபத்து மூன்று வயது. கிழங்கு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போடுவாள். மாதத்தில் மூன்று நாள் மட்டும் வாந்தியெடுத்துத் தரையில் புரளுவாள். “இப்பிடியே போனா ஏரியில விழுந்துருவேங்கக்கா” என்றாள். சும்மா சொல்கிற முகமில்லை அது.

வலி தொடங்கும் நாளிலேயே வரவேண்டும் என்றார் அம்மா. அப்படியே அவளிடம் சொன்னேன்.

மூன்று மாதம் உருளைக்கிழங்கு லாரியில் வந்தாள். தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், நெற்றி நிறைய விபூதியோடு. ஊசி ஏறும்போது கைகூப்பியபடி கிடப்பாள். “இன்னைக்குத்தான் மொத நாளா?” என்று நான் கேட்டால், “ஆமாங்கக்கா” என்பாள். இம்மியளவும் குணமில்லை.

நான்காம் மாதம், அம்மா ஒரேயடியாகச் சீமைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காலை, வாசலில் வந்து விழுந்தாள். சேலையெல்லாம் கறை. கடித்துக் கடித்து உதடு கிழிந்திருந்தது.

“இன்னைக்குத்தான் மொத நாளுங்கக்கா. முன்ன சொன்னதெல்லாம் பொய்யி.”

“ஏன்டி இப்படிப் பண்ணுன?”

“பழனியில அலகு குத்துறவுக சுத்தபத்தமா, வெரதமிருந்துதானே குத்துறாக. தீட்டோட ஒடம்புல ஊசி ஏத்துனா முருகன் சும்மா விடுவானா? இப்பத் தாங்க முடியலக்கா. அவன் என்ன வேணாப் பண்ணட்டும்.”

வந்த ஆத்திரத்துக்கு அவளை அறைந்திருப்பேன். மூன்று மாதம் வலியில் முகம்கூடச் சுளிக்காமல் வந்து நின்றவளை ஒரு வார்த்தை அழுத்திக் கேட்காத என்னை யார் அறைவது?

கயிறு போட்ட பெட்டியைப் பிரித்து அம்மா ஊசி எடுத்தார். அரைமணி நேரத்தில் இறுக மூடியிருந்த அவள் கைகள் விரிந்தன. “வலிக்கலக்கா” என்று சிரித்தாள். பிறகு விக்கி விக்கி அழுதாள்.

“அடுத்த மாசமும் மொத நாளே வெரசா வந்துர்றேன். அம்மாகிட்டச் சொல்லுங்கக்கா.”

அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. அம்மா மறுநாள் போகிறார் என்று இவளிடமும் சொல்ல வாய் வரவில்லை.

சொன்னபடி முதல் நாளே வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பூட்டிய கதவுக்கு முன்னால் நான் மட்டும் நின்றிருந்தேன்.