கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

நான் பிறந்து வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் இன்று காலை ஒருவர் சுவரில் மரவள்ளிப் பசை தடவி, சினிமா சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புளித்த வாடைக்கு என் கால்கள் நின்றுவிட்டன.

நான் சிறுமியாக இருந்தபோது பேசும்படம் வந்த புதிது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரில் ஒட்டியதைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவாள். சிவப்பும் மஞ்சளும் என்றால் சண்டை. உடம்பைவிடத் தலை பெரிதாக இருந்தால் சிரிப்பு. நீலத்தில் சாய்ந்த முகமும் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தால் அழுகை. அதற்கு மட்டும்தான் என்னைக் கூட்டிப்போவாள்.

தம்பி காய்ச்சலில் போனபின் வீட்டில் அழக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. "பலகைச் சுவரு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்," என்பார். கொட்டகையில் எல்லாப் பெண்களும் அழுவார்கள். அங்கே அம்மாவை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

தம்பி போய் ஒரு வருடமான அன்று, சுவரில் ஒரு பெரிய தலை பல்லிளித்தது. ஈரம் காயாத அதன் ஓரத்தை அம்மா உரித்தாள். அடியில் போன வாரத்து நீல முகம். அந்த வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, "இந்த வாரம் வேணாம்டி, வீட்டுக்குப் போவலாம்," என்றாள்.

சிரிப்புப் படம் பார்க்கும் ஆசையில் நான் வீதியிலேயே வீறிட்டேன். அதட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தூக்கி, என் தோளில் முகம் புதைத்துக்கொண்டு, "நல்லா சத்தமா அழுடி," என்றாள். என் தோள் நனைந்தது.

"சிரிப்புப் படம் ஆன்டி, போய்ப் பாருங்க லா," என்றார் சுவரொட்டி ஒட்டியவர். என் கை தோளைத் தடவிக்கொண்டிருந்தது.