இடப்பக்கமாக வருகிறேன்

என் மகள் வேலைக்காக கலிஃபோர்னியாவில் இருக்கும் சான் ஹோசேவுக்குப் புறப்படுவதற்கு முந்தைய வாரம், நாங்கள் இருவரும் மூன்று நாள் சைக்கிள் பயணம் போனோம். ஃபிரான்ஸில் ஆட்கள் கால்வாய் ஓரமாக மெதுவாக சைக்கிள் ஓட்டி, வழியில் தங்கி, சாப்பிட்டு, மறுபடி கிளம்புகிற படங்களை அவள் போனில் காட்டிக்கொண்டே இருப்பாள். "அவ்ளோ தூரம் எதுக்குப்பா? நம்ம நியூ ஜெர்சியிலயே கால்வாய் இருக்கு. நீங்களும் நானும் பேசிக்கிட்டே போலாம்" என்றாள். மனைவிக்கு சைக்கிள் வராது. நான் பார்சிப்பனியில் ஒரு உணவகத்தில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவன். மனைவிதான் முதலாளிக்குப் போன் செய்து எனக்கு லீவு கேட்டாள்.

கால்வாய்க் கரைப் பாதை ஒடுக்கமானது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மரங்கள். முன்னால் நடப்பவர்களைத் தாண்டும்போது சைக்கிளில் வருகிறவர்கள் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுக்க வேண்டும். இடப்பக்கமாக வருகிறேன் என்று அர்த்தம். நடப்பவர்கள் வலப்பக்கம் ஒதுங்கிக் கையைத் தூக்குவார்கள். என் மகள் பாட்டுப் பாடுகிற மாதிரி அதைச் சொல்லிவிட்டுப் போனாள். அவளை ஒட்டிக்கொண்டு போன வரைக்கும் எனக்கும் வழி கிடைத்தது. கொஞ்சம் இடைவெளி விழுந்ததும் வழி மூடிக்கொண்டது.

முதலில் மணி அடித்துப் பார்த்தேன். நாயுடன் போன ஒரு பெரியவர் துள்ளி விழுந்தார். நாயின் கயிறு அவர் காலைச் சுற்றிக்கொண்டது. திரும்பி என்னவோ சொன்னார். பேச்சு புரியவில்லை, முகம் புரிந்தது. அதற்குப் பிறகு கை மணிக்குப் போகவில்லை. வாயும் திறக்கவில்லை. யாராவது முன்னால் நடந்தால், அவர்கள் எங்காவது உட்காரும் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மகள் ஒவ்வொரு பாலத்தடியிலும் காத்து நின்றாள். நான் வந்து சேர்ந்ததும் கிளம்புவாள். மறுபடியும் தனித்தனியாகிவிடுவோம். தங்கிய விடுதியிலும் அவள் அதிகம் பேசவில்லை.

இரண்டாம் நாள் மதியம், ஒரு மதகுக்குப் பக்கத்தில், புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் கலிஃபோர்னியா போறது பிடிக்கலைன்னா நேரா சொல்லுங்கப்பா. இப்படி வேணும்னே பின்தங்கி வந்து பனிஷ் பண்ணாதீங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. முட்டி வலி."

அவள் முகம் மாறிவிட்டது. "முதல்லயே சொல்லக் கூடாதா? அம்மாவை கார் எடுத்துட்டு வரச் சொல்றேன். ரூம் கேன்சல் பண்ணிடலாம்."

போனைக் காதில் வைத்துவிட்டாள். மணி அடிப்பது எனக்கும் கேட்டது.

"வெச்சிடும்மா" என்றேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன். அந்த மூன்று வார்த்தை வாயில் வரவில்லை, அதனால்தான் பின்தங்கிப் போகிறேன் என்று.

சிரித்துவிட்டாள். "அப்பா! 'ரெண்டு நெய் ரோஸ்ட் ரெடி'ன்னு நீங்க கிச்சன்ல கத்தினா பார்க்கிங் லாட் வரைக்கும் கேக்கும்!"

"அது யாரையும் ஒதுங்கச் சொல்றது இல்லையேம்மா."

சிரிப்பு நின்றது. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஒதுங்கி வழிவிட்டே பழகியவன். பெற்ற மகளிடமே அதை, அவள் வாங்கித் தந்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு சொன்னபோது காதெல்லாம் சுட்டது.

அன்று மீதி தூரமும் அவள் எனக்குப் பின்னால் வந்து, எனக்காகக் குரல் கொடுத்தாள். ஆட்கள் ஒதுங்கி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினேன்.

மூன்றாம் நாள், பயணம் முடியப் போகிற இடத்தில் ஒரு பெண்மணி தனியாக நடந்து போனார். பின்னாலிருந்து குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, 'சொல்லுங்க' என்பது போலத் தலையை மட்டும் அசைத்தாள்.

வாயைத் திறந்தேன். எனக்கே கேட்காத ஒரு சத்தம் வந்தது. அந்தப் பெண்மணி நடந்துகொண்டே இருந்தார். நான் இறங்கிவிட்டேன்.

மகளும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"இந்த ஸ்பீட்ல போனா அடுத்த வாரம் என் ஃபிளைட்டே போயிடும்."

"நீ முன்னாடி போம்மா. நான் வந்துடறேன்."

"பேசாம வாங்கப்பா."

புது வேலையைப் பற்றியும் அங்கே பார்த்திருக்கும் வீட்டைப் பற்றியும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், முன்னால் போகிற அந்தப் பெண்மணியின் வெள்ளைக் காலணிகளையே பார்த்தபடி கேட்டுக்கொண்டு நடந்தேன்.