வெள்ளைக்காரப் புளிச்சை

குமுதவல்லி நாற்பத்திரண்டு நாள் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவை என்ன செடிகள் என்று அவளுக்குத் தெரியாது. இதைச் சொன்னால் எங்கள் கோலா பிலா ஊரில் பாதிப் பேர் நம்புவதில்லை. "அம்பத்து மூணு வயசுல இதுகூடவா தெரியாது?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிதுக்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் செடியை உயிரோடு நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. தோட்டத்து ஆம்பளைகள் சிலர் சம்பளத்தன்று சுருட்டிப் பிடித்த காய்ந்த தூளைத்தான் அவளும் கண்டிருந்தாள். தூளுக்கு இலை ஏது, வேர் ஏது?

ஆனால் செடி என்றால் அவளுக்குத் தெரியாதது கிடையாது. பகாவ் போகும் வழியில் இருந்த செம்பனைத் தோட்டத்து நர்சரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். கறுப்புப் பையை லேசாகத் தூக்கிப் பார்த்தே, இதற்கு இன்றைக்குத் தண்ணீர் வேண்டும், அதற்கு நாளை மறுநாள் போதும் என்று சொல்லிவிடுவாள். அவள் கை பட்ட கன்று பட்டுப்போனதில்லை என்று வேலை வாங்கும் மண்டோரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். பிறகு தோட்டம் கைமாறியது, நர்சரியை மூடினார்கள். அந்தக் கை ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தட்டும் மங்கும் கழுவப் போனது. சோப்பு நுரையில் விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடந்தது. அங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, "இன்னும் முடியலையா?" என்பதைத் தவிர.

அந்தப் பின்கட்டுக்குத்தான் சத்தியசீலன் வந்தான். நாற்பது வயது, வழித்த முகம், நல்ல சட்டை.

"குமுதாக்கா, என்னைத் தெரியுதா? தோட்டத்து ஆபீஸ் கிராணி ராமகிருஷ்ணன் மவன்."

"சீலனா? என்னாப்பா, ஆளே மாறிட்ட!"

"ஒரு மருந்துச் செடி போட்டிருக்கேன்க்கா, ஜப்பான்காரனுக்கு அனுப்புற செடி. எது செஞ்சாலும் சாவுது. உங்க கை வேணும். வேற யாரு கையும் சரிப்படல."

உங்க கை வேணும் என்றானே, அதோடு முடிந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் யோசித்திருப்பாள். பாவி, தேடிப் பிடித்தல்லவா அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனே வேனில் வந்து ஏற்றிப் போனான். கோலா கிளாவாங்கைத் தாண்டி, மலையேறும் பாதையில் ஓர் ஒற்றை மண்சாலை. அதன் முடிவில், ஆளில்லாத பழைய தோட்டத்தில் உதவி மேனேஜர் குடியிருந்த சின்னதொரை பங்களா. கூரை விழுந்த, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையாகப் புதருக்குள் கிடந்தன. சாலை முனையில் ஒரு நாய் கட்டியிருந்தது. அது குரைக்கவில்லை, வேன் போகும் வரை எழுந்து நின்று பார்த்தது. பங்களா சன்னல்களில் உள்ளே இருந்து கறுப்பு பிளாஸ்டிக் அடித்திருந்தார்கள்.

"கைப்போனக் குடுத்துருங்கக்கா. அதுல வர்ற கதிரு செடிக்கு ஆகாது."

அவள் கொடுத்தாள். புதுச் செடி, புதுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளே விட்டுவிட்டு அவன் வெளியில் பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. பூச்சி உள்ளே வரக் கூடாதாம். பூட்டுக்குப் பயப்படும் பூச்சியை அவள் இருபத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை. ஆனாலும் செடிகளைப் பார்க்க உள்ளே நடந்தாள்.

பெரிய அறையில் அறுபது பைகள். மேலே கண் கூசும் வெள்ளை விளக்குகள், நாலு மூலையிலும் காற்றாடிகள், நிற்காத ஓர் இரைச்சல். செடிகள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. வாடுகிறதே என்று காலையும் மாலையும் ஊற்றித் தள்ளியிருக்கிறான். குமுதவல்லி ஒரு பையில் ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை விட்டாள். மண் சேறாக இருந்தது, புளித்த வாடை வந்தது. சாயங்காலம் அவன் வந்து பூட்டைத் திறந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"கொன்னு வச்சிருக்கியேப்பா! இது தாகத்துல தொங்கல, மூச்சு முட்டித் தொங்குது. வேருக்குக் காத்து வேணாமா? அஞ்சு நாளைக்கு ஒருத்தரும் தண்ணி பக்கம் போவக்கூடாது."

அவன் கைகட்டி நின்று கேட்டான். அவள் சொல்லி ஒரு நல்ல சட்டைக்காரன் கைகட்டி நிற்பது அதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

அந்த இலையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. விரல் விரித்த கைபோல, ஓரமெல்லாம் பல்.

"மருந்துச் செடிங்குற, இது நம்ம புளிச்சக்கீரை மாதிரில்ல இருக்கு?"

சத்தியசீலன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிக நேரம் நீடித்தது.

"அதேதான்க்கா. வெள்ளைக்காரப் புளிச்சை."

தோட்டத்தில் புளிச்சக்கீரை இல்லாத வாசல் எது? வெளியூர்க்காரன் யாராவது அந்த இலையைப் பார்த்திருந்தால் ஓடியிருப்பான். இவளோ சொந்தக்காரியைப் பார்த்ததுபோல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாம் நாளிலிருந்து பையைத் தூக்கிப் பார்த்து, லேசாக இருப்பதற்கு மட்டும், அடியில் கசியும் வரை ஊற்றினாள். ஈரமண்ணில் மொய்த்த குட்டிக் கறுப்பு ஈக்களை, மேல்மண்ணைக் காயவிட்டு, மணல் தூவி, மஞ்சள் அட்டையில் பசை தடவித் தொங்கவிட்டு ஒழித்தாள். இலைக்கு அடியில் சிலந்திப்பேன் இருந்தது. அது நர்சரிக் காலத்துப் பகையாளி. அவன் ஏதோ கடும் மருந்துப் போத்தலை நீட்டினான்.

"மூடுன ரூமுல இத அடிச்சா பேனுக்கு முன்னாடி நான் செத்துருவேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். மூன்றாம் வாரம் செடிகள் நிமிர்ந்து நின்றன. அவளும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள். ஒரு நாற்றம் மட்டும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு எத்தனை முறை குளித்தாலும் போக மறுத்தது. பக்கத்து வீட்டு மாரியம்மா பேசும்போது ஓர் அடி தள்ளி நின்றாள்.

ஒருநாள் சத்தியசீலன் சில செடிகளைக் காட்டி, "இது ஆண் செடி, ஆவாது. பிடுங்கி எரிச்சிருங்கக்கா" என்றான். பூச்சி இல்லை, நோய் இல்லை, தளதளவென்று இருக்கிறது. அதை எரிப்பதா? நர்சரியில் கழித்த கன்றுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வேலியோரம் வைப்பது எல்லோரும் செய்ததுதான். ஏழு செடிகளை எரித்தாள். மிச்சம் ஒன்றை வேரோடு ஈரச்சாக்கில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதைத் தன் வீட்டு வாசல் கேட்டை ஒட்டி, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நட்டாள். போகிற வருகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில். பத்தே நாளில் அது இடுப்பளவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் ரோகினி வந்தாள். லோபாக்கில் ஒரு கிளினிக்கில் வேலை பார்ப்பவள். கேட்டுக்குள் வைத்த காலை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"மா. இத யாரு இங்க வச்சது?"

"நான்தான். வெள்ளைக்காரப் புளிச்சை. துவையல் அரைக்கலாம்னு பாத்தேன், வாடை ஒரு மாதிரியா..."

"ஐயோ, மா! கஞ்சாமா இது! கஞ்சா!"

ரோகினி பையை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் செடியைப் பிடுங்கினாள். அடுப்படிக் கதவைச் சாத்தி, துண்டு துண்டாக வெட்டி, கொதிநீர் ஊற்றிக் கசக்கி, கழிவறையில் கொட்டினாள். குமுதவல்லி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பங்களா, பூட்டு, போன், அறுபது பை என்று கேட்கக் கேட்க, ரோகினி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நட்டாலே ஆயுசு பூரா உள்ளதான்மா. தெரியாதுன்னு சொன்னா யாரு விடுவா?"

குமுதவல்லிக்குப் பயம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. உங்க கை வேணும் என்றானே, அதைக் கேட்டு மயங்கினோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவும் மகளும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். காலையில் அவன் வருவதற்கு முன்னால் கிளம்பி இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போவது, நாமாகவே போய் எல்லாம் சொல்வது. "வாசல்ல வச்ச செடியப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. அங்க நீ தண்ணிதான் ஊத்துன. நடல. நீ எதையும் நடல, புரியுதா?" என்று ரோகினி பத்துத் தடவை சொன்னாள்.

ஆனால் திங்கட்கிழமை வேன் ஆறரைக்கே வந்து நின்றது. சத்தியசீலன் இறங்கினான். கேட்டோரம் புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தான். அதில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையைக் குனிந்து எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்னாக்கா இங்க இருந்துச்சு?"

"கீரைப்பா. பேன் விழுந்துருச்சு, பிடுங்கிட்டேன்."

அதற்குள் ரோகினி கைப்பையோடு வெளியே வந்துவிட்டாள். அவன் அவளைத் தலையிலிருந்து கால் வரை, அவசரமில்லாமல் பார்த்தான்.

"மகளா? எங்க வேல? லோபாக்னு சொன்னீங்கல்ல?"

குமுதவல்லி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். மகள் இன்னொரு நிமிடம் இங்கே நின்றால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். "நீ உன் வேலைக்குப் போம்மா. நேத்துப் பேசுன நேரத்துக்குச் சரியா போயிரு. எனக்காவ நிக்காத" என்று மகளிடம் சொல்லிவிட்டு, தானே வேன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். ரோகினி அழாமல் நின்றாள். அந்த நேரத்தில் அது பெரிய காரியம்.

சத்தியசீலன் வேனை நேரே மலைப்பாதைக்கு விட்டான். பங்களாவில் அவளை இறக்கிவிட்டான். போனைக் கேட்கவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை. வேன் திரும்பிப் போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் இனி வர மாட்டான். இந்த வீட்டில், இந்தச் செடிகளுக்கு நடுவில், கை நிறைய மண்ணோடு இருக்கப் போகிற ஒரே ஆள் அவள்தான்.

ஓடலாமா என்று நினைத்தாள். ஓடினால் அவள் சொல்வதை யார் நம்புவார்கள்? ரோகினி இந்நேரம் நிலையத்துக்குப் போயிருப்பாள்; கூப்பிட்டது நாமல்லவா, போலீஸே வரட்டும். வாசல்படியில் உட்கார்ந்து மலாயில் இரண்டு வார்த்தையை மாறிப்போகாமல் உருப்போட்டாள். சிராம் என்றால் தண்ணீர் ஊற்றுவது. தானாம் என்றால் நடுவது. சாயா சிராம் சஜா. நான் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன். வெயில் ஏறும் வரை அதையே முணுமுணுத்தாள்.

பத்தரை மணிக்கு மூன்று வண்டிகள் வந்தன. பூட்ஸ் கால்கள் அறைக்குள் ஓடின, விளக்கையெல்லாம் படம் எடுத்தார்கள். ஓர் இளம் அதிகாரி அவள் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"மச்சிக், சினி பூவாட் அப்பா?" அம்மா, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"சாயா சிராம் சஜா, துவான்." ஐயா என்றும் சேர்த்தே சொன்னாள்.

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். குமுதவல்லிக்கு மூச்சு வந்தது. அவர் பேனாவை நிறுத்தி, தாளைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டார். "பெராப்பா போக்கோ மச்சிக் தானாம்?"

எத்தனை செடி நட்டீர்கள்? நர்சரியில் வேலை முடிந்து வரிசையில் நிற்கும்போது, மண்டோர் நோட்டைப் பார்த்தபடியே தினமும் கேட்ட கேள்வி இதுதான். நட்டதில் ஒன்றைக் கூட்டிச் சொன்னாலும் திட்டு, ஒன்றைக் குறைத்துச் சொன்னாலும் திட்டு. இருபத்திரண்டு வருடமாகச் சரியான கணக்குச் சொல்லிப் பழகிய வாய், அவளைக் கேட்காமலே திறந்தது.

"சாத்து, துவான்" என்றாள் குமுதவல்லி. "ஒண்ணு. என் வீட்டு வாசல்ல."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு புதிய தாளைத் திருப்பி, அவள் வீட்டு முகவரியைக் கேட்டார்.