அக்கா வண்டியின் கிளட்ச் ஆயில்

கார் மெக்கானிக்கான அவருக்குப் பட்டறைத் தெருவில் பளபளா என்று பெயர். கழற்றிய எதையும் துடைக்காமல் கீழே வைக்கமாட்டார். வைத்த பிறகும் ஒரு தரம் துடைப்பார். டீக்கடையில் கழுவிக் கொடுத்த கிளாசை வாங்கி, தோளில் கிடக்கும் துணியால் துடைத்துவிட்டுத்தான் குடிப்பார். கடைக்காரருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அவருக்கு மட்டும் கழுவாமலே கொடுக்க ஆரம்பித்தார்.

கார் வைத்திருந்தவர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை. அவர் கை பட்ட வண்டியின் பானெட்டைத் திறந்தால் பாத்திரக்கடை மாதிரி இருக்கும். நம்பாதவர் ஒருவர்தான். கூடப்பிறந்த அக்கா.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருப்பது ஒரே கார். கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு கிளட்ச், அக்கா பக்கம் ஒரு கிளட்ச். நாள் முழுக்க யாராவது மிதித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் கிளட்ச் தரையோடு படுத்துக்கொண்டது. வண்டி தம்பியிடம் வந்தது.

இந்தக் கிளட்சுக்குக் கம்பி கிடையாது. மிதித்தால் மேல் சிலிண்டரிலிருந்து எண்ணெய் ஹோஸ் என்ற ரப்பர்க் குழாய் வழியாக இறங்கிக் கீழ் சிலிண்டரைத் தள்ளும். பளபளா இரண்டு சிலிண்டரையும் மாற்றினார். முத்திரை உடையாத டின்னை வாங்கி உடைத்து ஊற்றினார். மேல் சிலிண்டரின் டப்பாவில் எண்ணெய் தேன் நிறத்தில் நின்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“குடிச்சுப் பாக்கணுமாடா?” என்றார் அக்கா.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். “உன் தேன் மையாயிடுச்சு. வந்து பாரு.”

பழையதை எடுத்துவிட்டுப் புதியது ஊற்றினார். அதுவும் கறுத்தது. பளபளா தன் வேலையைச் சந்தேகிக்கவில்லை. டின்னைச் சந்தேகித்து வேறு டின் வாங்கினார். மூடியைச் சந்தேகித்துப் புது மூடி போட்டார். கடைசியில் அக்காவின் மாணவர்களைச் சந்தேகித்தார்.

“உன் ஆளுங்க மாடு மாதிரி மிதிக்கறாங்கக்கா. உள்ள ரப்பர் தேய்ஞ்சு கரியா வருது.”

“புது ரப்பர்னு சொன்னியே?”

“புதுசுதான். பயந்துபோச்சு. எல்லாரையும் செருப்பக் கழட்டச் சொல்லு. வெறுங்கால்ல மிதிச்சா வலிக்கும், மெதுவா மிதிப்பாங்க.”

அக்கா சொன்னார். எல்லோரும் கழற்றினார்கள். அதிகம் திட்டு வாங்கியது ஒரு தையல்காரம்மா. மிஷினை மிதித்து உரமேறிய கால் அவருக்கு. வெறுங்காலிலும் அதே மிதிதான். “உங்க காலாலதான் என் வண்டிக்கு இந்தக் கதி” என்று அக்கா எல்லார் முன்னாலும் சொன்னார்.

எண்ணெய் மறுபடி கறுத்தது.

“இன்னொரு தரம் கறுக்கட்டும்,” என்றார் அக்கா. “அடுத்த தெரு பெரிய பட்டறையில கொண்டுபோய் விட்டுடறேன்.”

சொந்த அக்காவே போய்விட்டால் அப்புறம் யார் வருவார்கள்? அன்று பளபளா சாப்பிடவில்லை. தட்டை மட்டும் துடைத்துவிட்டு எழுந்தார். காலையில் எழுந்ததும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

“அக்காவப் பாக்கவா போறீங்க, அந்த டப்பாவப் பாக்கவா?” என்றார் மனைவி.

அன்றே டப்பாவைத் துடைத்துப் புது எண்ணெய் ஊற்றி, அக்காவை வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார். கீழ் சிலிண்டரில் எண்ணெயை வடிக்கத் திறக்கும் நிப்பிளில் கண்ணாடிபோன்ற டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டார்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“அப்படியே புடி.”

“புடிச்சிருக்கேன்டா. உன் சைக்கிளப் புடிச்ச மாதிரி.”

“விடு.”

“அன்னிக்கும் விடுன்னுதான் சொன்னே. பல்லு ஒடஞ்சுது.”

முதலில் மை வந்தது. பிறகு தேன் வந்தது. பளபளா நிப்பிளை இறுக்கினார். அப்போது அக்காவுக்கு ஒரு போன். யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே, பழக்கத்தில் கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று தம்பி அடியிலேயே கிடந்தார்.

போனை வைத்ததும் நிப்பிளைத் திறந்தார். மறுபடி ஒரு கறுப்பு இழை. அப்புறம் தேன்.

மேலே டப்பாவில் இருப்பது தேன். கீழ் சிலிண்டர் புதுசு. நடுவில் இருப்பது ஹோஸ் ஒன்றுதான். அதை அவர் மாற்றவே இல்லை. வண்டி வரும்போதெல்லாம் துடைத்துவைத்திருந்தார். புதுசு மாதிரி மின்னியது.

கழற்றிக் கத்தியால் கீறினார். உள்ளே ரப்பர் பிசுபிசுத்து உதிர்ந்தது. விரலை விட்டார். கறுப்பு அப்பிக்கொண்டது. துடைத்தும் போகவில்லை.

சத்தமில்லாமல் ஹோஸை மாற்றிவிடலாம். எண்ணெய் இனிக் கறுக்காது. வெறுங்கால் வைத்தியம் பலித்தது என்று அக்காவும் நம்புவார். பளபளா மல்லாந்தபடி யோசித்தார்.

“என்னடா, தூங்கிட்டியா?”

“அக்கா, தப்பு என்னோடது. ஹோஸ் உள்ள அழுகியிருக்கு. நான் வெளியவே பாத்துட்டிருந்துட்டேன்.”

மேலே அக்கா கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.

“அப்ப அந்தம்மா காலு?”

“காலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“நாளைக்கு வந்து நீயே சொல்லு.”

“எல்லார் முன்னாடியுமா?”

“நான் திட்டினது எல்லார் முன்னாடிதான?”

புது ஹோஸ் போட்டார். பாட்டிலில் மைச் சாயல் அறவே போகும்வரை எண்ணெய் விட்டு எடுத்தார். மறுநாள் வண்டியோடு போனபோது, நடைபாதையில் எல்லோரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். கீறிய ஹோஸை நீட்டினார்.

“கறுப்பு இதுலேர்ந்துதான் வந்துது. நான் பாக்காம உங்க கால்மேல பழியப் போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

தையல்காரம்மா ஹோஸை வாங்கி உள்ளே பார்த்தார். “துணியா இருந்தா நாங்க மொதல்ல உள்பக்கத்தத் திருப்பிப் பாப்போம்,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி துள்ளி நின்றது.

“மெதுவா!” என்று கத்திய அக்கா, தம்பியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சரி, உங்க இஷ்டத்துக்கு மிதிங்க.”

அதன்பிறகு பளபளா அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. போன் அடித்தால் திடுக்கிட்டார். அக்கா வண்டி அங்கே நிற்குமோ என்று பெரிய பட்டறையைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக நடந்தார். ஒருநாள் மத்தியானம் அக்காவின் கார் அவர் பட்டறைக்குள் நுழைந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

“கறுத்துடுச்சாக்கா?”

“அத எவன் தொறந்து பாத்தான்? பிரேக் ஒரு பக்கமா இழுக்குது, என்னன்னு பாரு. சாயங்காலம் வண்டி வேணும்.”

சாவியை அவர் கையில் போட்டுவிட்டு அக்கா நடந்தார்.