பால் அடிப்பிடித்த வாடை

கிள்ளான் ஆற்றுப் பாலம் ஏறும்போதுதான் கார் முதலில் தயங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கார் இரண்டு முறை உதறிவிட்டு, பிறகு வெடுக்கென்று முன்னே பாய்ந்தது. கூடவே ஒரு வாடை. பால் அடிப்பிடித்துக் கருகினால் வருமே, அது. பாலம் இறங்கியதும் போய்விட்டது.

பக்கத்தில் என் கணவர். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் மேரு என்ற ஊரிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிள்ளானில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு நான்தான் அவரைக் காரில் கொண்டுபோவேன். ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

"உங்களுக்கு ஏதாச்சும் வாடை வருதா?"

"என் மூக்கப் போய்க் கேக்கறியே. எனக்கு உன் சாம்பாரே சோப்புத் தண்ணி மாதிரிதான் இருக்கு."

சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவருக்கு ருசியும் மணமும் மாறிப்போயிருந்தன. என் மூக்கை விட்டால் வேறு சாட்சி இல்லை.

யாரிடமும் போய் ஒன்று கேட்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். ஆண்கள் நிறைந்த வொர்க்‌ஷாப் என்றால் கேட்கவே வேண்டாம். பொறுத்துப் பார்த்தேன். உதறல் கூடியது, வாடையும் விடவில்லை. ஒரு நாள் மழையில், பாலத்தின் மேல் கார் திணற, பின்னால் ஒரு லோரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. இங்கே நின்றுவிட்டால் இவரை எப்படித் தூக்குவேன் என்று நினைத்தேன். அடுத்த நாளே வொர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

அங்கிருந்த மெக்கானிக் தமிழர். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன வாடைக்கா? பச்சப் பெட்ரோலா, அழுகுன முட்டையா, பிளாஸ்டிக் எரியுதா? ஒவ்வொன்னுக்கும் ஒரு நோய் இருக்கு."

"பால்," என்றேன். "அடிப்பிடிச்ச பால்."

தன் காருக்காகக் காத்திருந்த ஒருவர் உரக்கச் சிரித்தார். "பாஸ், அக்கா உள்ளுக்குள்ள பால் டீ ஆத்தி தே தாரிக் கடை போட்டிருக்காங்க லா!"

எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. மெக்கானிக் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தானே ஓட்டிப் பார்த்தார். உதறல் வந்தது. வாடை வரவில்லை, எனக்கும்கூட.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்தார். "ஒரு சிலிண்டர் சரியா எரியல. அதுக்குப் பொறி குடுக்கற காயில் போயிருக்கலாம். இப்ப இந்தக் காயில எடுத்துப் பக்கத்து சிலிண்டர்ல மாட்டறேன். கோளாறு காயிலோடவே அங்க போச்சுன்னா, காயில்தான் குத்தவாளி. பழைய எடத்துலயே நின்னுச்சுன்னா வேற எதையாச்சும் தேடணும்."

கோளாறு காயிலோடு போனது. புதியது மறுநாள்தான் வரும் என்றார். மறுநாள் டயாலிசிஸ் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். தன் மனைவியின் கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "அந்த வாடைக்கு மட்டும் எனக்குக் காரணம் கெடைக்கலக்கா."

அது ஏறக்குறைய புதிய கார். பின் சீட்டுகளில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. மறுநாள் காலை பாலத்தில் மிதித்தேன். உதறாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. பாதிப் பாலத்தில் வாடை வந்தது. அதே பால், அதே கருகல்.

கார் மாறியிருந்தது. நான் மாறவில்லை. கோளாறு என்னோடு வந்திருந்தது.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினேன்.

"என்னம்மா ஆச்சு?"

"வாடை எனக்கு மட்டும்தான் வருதுங்க. காரு இல்ல, நான்தான்."

அப்போதுதான் அந்தக் காலையைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் முதன்முதலில் மூச்சுத் திணறி விழுந்த நாள். அடுப்பில் பால் வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டு, பக்கத்து வீட்டார் துணையோடு அவரைக் காரில் கிடத்தி, இதே பாலத்தில் முடிந்த மட்டும் மிதித்தேன். பின்னால் அவரிடம் சத்தமே இல்லை. இரவு வீடு திரும்பியபோது திரைச்சீலை வரை கருகல் வாடை ஏறியிருந்தது.

"எனக்குத் தெரியாதே," என்றார்.

"நீங்க நெனவில்லாம கெடந்தீங்க."

கையை நீட்டி இன்ஜினை அணைத்தார். பிறகு, "சாவிய எடு. இனி நீ ஓட்ட வேணாம்," என்றார்.

போன் செய்ததும் மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் வந்து, அதை அங்கேயே நிறுத்திவிட்டு, எங்களை அந்தக் காரிலேயே நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். நிலையத்து டாக்டரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. கையில் டயாலிசிஸ் ஊசியோடு படுத்திருந்த என் கணவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். பயத்தினாலும் இப்படி வரலாம், மூளையில் வலிப்பு ஏற்பட்டாலும் வரலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் முறை வருவதற்காகக் காத்திருக்கிறேன். எங்கள் கார் சரியாகி வந்து வாசலில் நிற்கிறது.

இப்போது வாடகைக் காரில் போகிறோம். போன வாரம் பாலம் ஏறும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாடை வருதா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"வண்டில வாடையா ஆன்டி? நேத்துதான கழுவுனேன்!"

நான்கு ஜன்னல்களையும் இறக்கினார். ஆற்றுக்காற்று சேற்று நாற்றத்தோடு உள்ளே அடித்தது. அதை ஆழமாக இழுத்தேன். பால் போகவில்லை.