பூப்போட்ட இரும்பு

லாரியின் கேபினைப் பலப்படுத்தித் தரக் கேட்டார்கள். பலப்படுத்தியதாகச் சொல்லி அனுப்பினேன். இரண்டுக்கும் நடுவில் நான் செய்ததை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்தி ஓய்வு பெற்றபின் மானகிரிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். இடிபடும் பெரிய வீடுகளின் கல்தூண்களை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர், ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி லாரியோடு வந்தார். எஞ்சின் யானை மாதிரி. ஆனால் கேபினின் பின்சுவர் வெறும் தகடு. பட்டாளத்தில் அதற்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்து போயிருப்பார்கள், கல் போயிருக்காது. பிரேக் அடித்தால் கல்தூண்கள் நழுவி நேரே டிரைவரின் முதுகுக்கு வரும். அதைத் தடுக்க, கேபினுக்குப் பின்னால், லாரியின் அடிச்சட்டமான சேஸோடு சேர்த்து நான்கு இரும்புக் கால்கள் நிறுத்திக் குறுக்குச் சட்டம் போட வேண்டும்.

கால்களுக்கு வியாபாரியே இரும்பு கொண்டுவந்திருந்தார். இடித்த வீட்டின் மாடித் தாழ்வாரத்தில் தூண்களாக நின்றவை. நடுவில் கொடியும் பூவும்.

"நம்மூரு வீட்டு இரும்பு சார். கப்பல்ல வந்தது. இப்பக் கடையில விக்கிறது இரும்பா? அப்பளம்!"

எங்கள் ஊரில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். பழைய வீட்டிலிருந்து வந்தது என்றால் கதவோ, ஓடோ, இரும்போ, அது உசத்தி. நானும் நாலு பேர் முன்னால், "இதுக்கு ஈடே கிடையாது" என்றேன்.

டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். பூவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "என் தலைக்குப் பின்னால பூவை வைக்காதீக சார். வீட்டுல சந்தேகப்படுவா."

மறுநாள் விடிந்ததும் அந்த இரும்புக் கால்களில் ஒன்றைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தேன். பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் விழுந்தது. எஃகு என்றால் நீளமாக, வெள்ளையாக, மத்தாப்புப் போலச் சிதறும். இது வார்ப்பிரும்பு. மேலிருந்து அழுத்தும் பாரத்தை நூறு வருடம் சுமக்கும். பக்கவாட்டில் ஓர் இடி விழுந்தால் பானை மாதிரி உடையும். சாதாரண வெல்டிங் அதில் நிற்காது. இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய பொறி அது. பூவைப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும். அச்சில் ஊற்றாமல் அப்படிப் பூ வராது.

நிறுத்தியிருக்கலாம். எஃகுச் சேனல் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். ஆனால் முந்தின நாள் சொன்னதை நானே மறுக்க வேண்டும். அது கசந்தது. பற்றவைத்தேன். சூடு ஆறும்போது மூன்றாவது காலின் அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விரிசல். அதன்மேல் இன்னொரு முறை பற்றவைப்பு ஓட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்து மறைத்தேன்.

வண்டியை எடுக்க வந்த டிரைவர் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். "தாங்குமா சார்?"

"தாங்கும்."

"நீங்க சொன்னாச் சரி."

ஒன்பதாம் நாள், பிள்ளையார்பட்டிக்குப் பாதயாத்திரை போன ஒருவர் லாரிக்குக் குறுக்கே வந்துவிட்டார். டிரைவர் பிரேக்கை மிதித்தார். நடந்து வந்தவர்மீது கீறல்கூட இல்லை. ஆனால் இரும்புக் கால்கள் நான்கும் முறிந்து, ஒரு கல்தூண் தகட்டைக் கிழித்துக்கொண்டு கேபினுக்குள் போனது. டிரைவர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

விசாரிக்க வந்தவர்கள் ரோட்டில் டயர் தடத்தை அளந்தார்கள். அவ்வளவு பாரத்தோடு அப்படி மிதித்தது டிரைவரின் தப்பு என்று முடிந்தது. உடைந்த கால்கள் என் பட்டறைக்குத் திரும்பி வந்தன. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், கற்கண்டு உடைத்தது போல இருந்தது. அன்றைக்கே அவற்றைக் காயலான் கடைக்கு அனுப்பினேன்.

அதன்பின் ஏழு வருடம், மாதம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் படுத்தபடியே உள்ளங்கையால் மெத்தையை அழுத்திக் காட்டுவார். "பிரேக்கை இப்படி விட்டு விட்டு அமுக்கியிருக்கணும் சார். நான் ஒரே மிதியா மிதிச்சுட்டேன்." நான் குனிந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருப்பேன்.

போன தை மாதம் அவர் மறுபடி மெத்தையை அழுத்தியபோது சொல்லிவிட்டேன். பொறி, சத்தம், பெயிண்ட், காயலான் கடை. எதையும் விடவில்லை.

அவர் மெத்தையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நான் மிதிச்சது சரிதானா?"

"சரிதான்."

"நல்ல இரும்பா இருந்தா நின்னுருக்கும்?"

"நின்னுருக்கும்."

அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பி மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, இங்குட்டு வா. என் பிரேக்குல தப்பே இல்லையாம். சார் சொல்லுறாக." அந்த அம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றார். "ஏழு வருசம் கழிச்சா சொல்லுறாக?"

"நீங்களே சொல்லுங்க சார்," என்றார் டிரைவர். "மொதல்ல இருந்து."

மறுபடியும் சொன்னேன். முடித்தபோது அந்த அம்மாள் நான் கொண்டுபோன பழப் பையை எடுத்துப் போய், வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.