சாலைக்கு அந்தப் பக்கத்துப் பெட்டி

வெர்னெல் டாலிவர் வாசற்கதவைப் பார்ப்பதில்லை. முதலில் வீட்டின் பக்கவாட்டுக்குப் போய் மின்மீட்டரைப் பார்க்கிறார். ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் இருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். அடுத்து கார் கொட்டகை. அதன் வாயைப் பலகை வைத்து அடைத்து, சன்னலில் ஒரு ஏ.சி. பெட்டி முனகிக்கொண்டிருந்தால் கையிலிருக்கும் அட்டையில் சின்னதாய் ஒரு கோடு விழும். குப்பைத் தொட்டி எத்தனை, வாசலில் கழற்றிப் போட்ட வேலைச் செருப்பு எத்தனை அளவில் கிடக்கிறது, எல்லாம் பார்த்த பிறகுதான் கதவைத் தட்டுவார்.

"எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டா பொய் சொல்லுவாங்க, காலேஜு. எத்தனை பேர் படுக்கறீங்கன்னு கேளு. யோசிக்காம விரல் விட்டு எண்ணிருவாங்க."

காலேஜு என்பது நான். கால்டர் நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை. ஊருக்குத் தெற்கே நாற்பது மைல் தள்ளிப் பருத்திக்காட்டுக்குள் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த பெயர் அது. நான் வருத்தப்படவில்லை.

அந்த அம்மாவை ஊரே மிஸ் வெர்னெல் என்றுதான் கூப்பிடும். எழுபத்தொரு வயது. முப்பத்தொரு வருஷம் கால்டரில் தபால்காரராக நடந்தவர். ஓய்வு பெற்றபின்னும் அந்த வெள்ளை வெயில் தொப்பியை விடவில்லை. நாய்களுக்காக ஒரு கையில் தலை உடைந்த கால்ஃப் மட்டை. மறு பக்கப் பையில், நாய்களுக்காகவேதான், பிஸ்கட். மட்டையை ஒருநாளும் ஓங்கி நான் பார்த்ததில்லை. காலையில் வேகவைத்த வேர்க்கடலையை ஈரத்தோடு பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். நடந்துகொண்டே உரித்துத் தின்பார். தொலியைக் கீழே போடமாட்டார், சட்டைப் பையில் சேர்த்துக்கொள்வார். மாலைக்குள் பை புடைத்துப்போகும்.

மனிதர்களின் பெயர் அவருக்கு இரண்டாம்பட்சம். வீட்டு எண்தான் முதல். "ஆயிரத்து நாநூத்திப் பன்னெண்டுக்கு முட்டி ஆபரேஷனாம்" என்பார். "அறுநூத்தி ஏழு மறுபடி கல்யாணம் பண்ணிக்குது, பாவம் அந்தப் பொண்ணு." நான் பிறந்த வீட்டுக்கு எண் கிடையாது, தபால்காரர் வரும் தடத்தின் எண்ணும் பெட்டி எண்ணும்தான் என்றபோது, அனாதைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அவரை நகராட்சி வேலைக்கு எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். அலபாமாவின் இந்தப் பகுதியில் வளர்ந்தவர்களுக்குக் கால்டருக்கும் ஃபோர்ட் லேனியருக்கும் உள்ள பகையைச் சொல்லத் தேவையில்லை. இரண்டும் இரண்டு லட்சத்தை எட்டிப் பிடிக்க மூச்சு வாங்கும் நகரங்கள். ஆற்றுப்பாலம் யாருக்கு, விமானம் எங்கே இறங்கும், கார் ஆலைக்காரன் எந்த ஊரில் முதலில் காபி குடிப்பான் என்று எல்லாவற்றுக்கும் சண்டை. அத்தனைக்கும் கடைசியில் ஒரே கேள்வி: யார் பெரிய ஊர்? வருஷாவருஷம் வாஷிங்டனிலிருந்து மக்கள்தொகை மதிப்பீடு வரும். தோற்ற ஊரின் மேயர் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று, ஜெயித்த ஊரின் சாஸ் ஊற்றிய இறைச்சியைத் தின்ன வேண்டும். நம்முடையது தக்காளியும் காடியும் போட்ட சிவப்புச் சாஸ். அவர்களுடையது மயோனைஸில் செய்த வெள்ளைச் சாஸ். கோழிக்கு மேல் யாரோ சுண்ணாம்பு அடித்தமாதிரி இருக்கும்.

போன வருஷம் எண்பத்தெட்டுப் பேரில் தோற்றோம். லேனியர்காரர்கள் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பலகை வைத்தார்கள்: 'கால்டருக்கு இன்னும் ஐம்பது மைல். அவசரமில்லை.'

"கல்லறையில கெடக்கறவனையும் சேத்துத்தான் எண்ணியிருப்பானுங்க" என்றார் பாய்ட் கிரென்ஷா. மேயரின் உதவியாளர். கணக்கில் விட்டுப்போன வீடுகளைச் சான்றோடு காட்டினால் திருத்துவார்கள் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். விட்டுப்போன வீடுகளை யாருக்குத் தெரியும்? முப்பத்தொரு வருஷம் கதவு கதவாய் நடந்தவருக்குத் தெரியும்.

நான்கு மாதத்தில் மிஸ் வெர்னெல் அறுபத்தொரு குடும்பங்களைக் கண்டுபிடித்தார். கொட்டகைக்குள் குடியிருந்தவர்கள், மூடிய முடிதிருத்தும் கடையின் மாடியில் நான்கு பேர், தேவாலயத்துப் பின்கட்டில் பாதிரியாருக்கே சரியாகத் தெரியாத ஒரு தம்பதி. மொத்தம் நூற்று எழுபத்தொரு தலை. எண்பத்து மூன்றில் நாங்கள் முன்னே போய்விட்டோம். மேயர் அறையில் கைதட்டினார்கள். லேனியர் மேயருக்குச் சிவப்புச் சாஸ் ஒரு வாளி அனுப்புவதாகப் பேச்சு.

கணக்கை வாஷிங்டனுக்கு அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை என் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் மிஸ் வெர்னெல். அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, தெற்கு எல்லையில் விரலை ஊன்றினார்.

"இது டில்லரி ரோடு."

"ஆமா."

"ரோட்டுக்கு வடக்க நாப்பத்தோரு புள்ளி வச்சிருக்க."

"நாப்பத்தோரு வீடு, மிஸ் வெர்னெல். நூத்திப் பன்னெண்டு பேர்."

"அங்க பைன் மரந்தான இருக்கு. மரத்துக்கு எவன் நம்பர் குடுத்தான்?"

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. டில்லரி சாலைதான் நகர எல்லை. வடக்கே கால்டர், தெற்கே எல்லைக்கு வெளியே. தபால் வண்டி வடக்கு ஓரமாகத்தான் போகும். ஆகவே தெற்கே உள்ள நாற்பத்தோரு வீடுகளும் தங்கள் தபால் பெட்டியைச் சாலைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு முன்னால், வரிசையாக நட்டிருக்கின்றன. நான் முகவரியின் இடம் என்று எடுத்துக்கொண்டது பெட்டி நிற்கும் இடத்தை. வீடுகள் வெளியே, பெட்டிகள் உள்ளே. போன வருஷக் கணக்கிலேயே பெட்டிகளைக் குடிமக்களாக்கியிருந்தேன்.

அந்த வரிசையில் ஏழாவது பெட்டி மிஸ் வெர்னெலுடையது.

பாய்ட் கிரென்ஷா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "யாரு வந்து பாக்கப் போறா? பெட்டி நம்ம எல்லையில தான இருக்கு."

"அப்ப நாங்க பெட்டிக்குள்ள படுக்கறோமா, பாய்ட்?"

"மிஸ் வெர்னெல், நீங்களே இந்த ஊருக்குத்தான வாழ்நாள் பூரா நடந்தீங்க."

"நடந்தேன். காலு இங்க நடந்துச்சு. தலை அங்கதான சாயுது."

என் வரைபடத்தில் பிழை என்று என் கையாலேயே எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. அறையில் சட்டம் போட்டு மாட்டிய என் பட்டச் சான்றிதழ் எதிரே தொங்கியது. நான் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் என் மேஜையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, ஏழாவது புள்ளியை முதலில் அடித்தார். பிறகு மற்ற நாற்பதையும். நூற்றுப் பன்னிரண்டு பேர் போனதும், இருபத்தொன்பதில் மறுபடி தோற்றோம்.

மேயர் படிக்கட்டில் நின்று வெள்ளைச் சாஸ் தின்றார். லேனியரிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மிஸ் வெர்னெல் கூட்டத்தின் ஓரத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவது தடவை எடுத்துத் திங்கறாரு பாரு" என்று என் காதில் சொன்னார். "புடிச்சுப்போச்சு அந்தாளுக்கு. வெளிய சொல்லமாட்டாரு."

டில்லரி சாலைக்காரர்கள் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை கால்டரைக் கேட்டிருக்கிறார்கள். நகரத்துக்குள் வந்தால் சாக்கடைக் குழாய் வரும். அங்கே மண் களிமண். அடைமழை பெய்தால் செப்டிக் டேங்க் கழிவுநீரை மண் இழுக்காது. கழிப்பறை வழியே வீட்டுக்குள் திரும்பி வரும். மிஸ் வெர்னெல் தன் குளியலறை வாசலில் இரண்டு செங்கல் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார். மழை அறிவிப்பு வந்தால் தங்கை வீட்டுக்குப் போக ஒரு பை தயாராகத் தொங்கும். மூன்று முறையும் நகராட்சி பதில் எழுதியது: செலவு அதிகம், ஆள் குறைவு. இரண்டாவது பதில் வந்தபோது அந்தச் சாலையில் தபால் போடும் தடம் அவருடையது.

"என் பேருக்கு வந்த கடுதாசி, என் பையிலயே இருந்துச்சு. மொறைப்படி என் பெட்டியில போட்டேன். அப்பறம் சாயங்காலம் யூனிபார்மக் கழட்டிட்டு, ரோட்டத் தாண்டிப்போயி எடுத்துப் படிச்சேன்."

"முன்னாடியே பிரிச்சிருக்கலாமே?"

"டூட்டியிலயா?" என்று என்னை முறைத்தார்.

இப்போது அந்த நூற்றுப் பன்னிரண்டு பேர் குறைவான ஆள் இல்லை. தோற்ற மறுவாரமே பாய்ட் கிரென்ஷா பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றோடு டில்லரி சாலைக்கு வந்தார். கூடவே நாற்பத்தோரு விண்ணப்பங்கள். வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டு அனுப்பினால் எல்லைக்கோடு நகரும். இந்த வருஷக் கணக்குக்குள் வந்தால் லேனியரை எண்பத்து மூன்றில் முந்தலாம். குழாய் இரண்டு வருஷத்தில் வரும் என்றார்.

"ஆள மட்டும் ஒடனே வேணும், குழா ரெண்டு வருஷமாவுமா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு ஓட்டிஸ். "மிஸ் வெர்னெல் என்ன சொல்றாங்களோ அதான்."

மிஸ் வெர்னெல் அந்தப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி பாய்டுக்கே கொடுத்தார். அந்த வாரம் முழுக்க மழை. மழை விட்டபின் அவர் வீடு வீடாகப் போய், நாற்பத்தோரு கையெழுத்தையும் வாங்கினார். உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, சாலையைக் கடந்து தன் பெட்டிக்குள் வைத்து மூடினார். பக்கவாட்டில் உள்ள சிவப்புத் தகரக் கொடியை உயர்த்தினால்தான் தபால்காரர் எடுப்பார். உயர்த்தவில்லை.

பாய்ட் அலுவலகத்தில் தலையில் கைவைத்துக்கொண்டார். "நம்ம எல்லைக்குள்ள இருக்கு, நம்ம பேருக்கு இருக்கு, எடுக்க முடியாதா?"

"அடுத்தவங்க பெட்டியத் தொறந்தா மத்திய அரசு சட்டப்படி குத்தம்" என்றேன். இது எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித்தந்ததல்ல.

பாய்ட் தொலைபேசியில் கெஞ்சினார். மிஸ் வெர்னெல் சொன்ன பதில் ஒன்றுதான்: "மூணு தடவ நான் கடுதாசி போட்டேன், நீங்க யோசிச்சீங்க. இப்ப நீங்க குழாயப் போடுங்க, நான் யோசிக்கறேன்."

மிஸ் வெர்னெலுக்கும் பயம் இருக்கிறது. ஓட்டிஸின் மனைவிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "லேனியர் ஒருவேள ஆயிரம் பேரு கூடிட்டா அப்பறம் நம்மள எவன் கேப்பான், வெர்னெல்?" என்று என் எதிரிலேயே கேட்டார். மிஸ் வெர்னெல் உரித்த கடலையைத் தின்ன மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை டில்லரி சாலைக்குப் போனேன். குழாய்கள் வந்துவிட்டன. வடக்கு ஓரம் நெடுகப் பச்சைக் குழாய்கள் அடுக்கியிருந்தன. பெட்டி வரிசைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, செம்மண்ணைக் குவித்திருந்தார்கள். பள்ளம் ஏழாவது பெட்டிக்கு நேரே வந்து நின்றிருந்தது. சாலைக்கு அடியில் இன்னும் போகவில்லை. வேலையாட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

மிஸ் வெர்னெல் தொப்பியோடு பள்ளத்தின் விளிம்பில் நின்றார். கால்ஃப் மட்டையை விட்டு ஆழம் பார்த்தார். குழாயின் வாய்க்குள் கையை விட்டு உள்சுற்றைத் தடவினார். பிறகு அங்கிருந்து தன் வீட்டுப் படிவரை அடி எடுத்துவைத்து, உதட்டை அசைத்து எண்ணியபடி சாலையைக் கடந்தார். முப்பத்தாறு அடி. திரும்பி வந்தார்.

பெட்டியின் மீது செம்மண் படிந்திருந்தது. அவர் கொடியின் மேல் கைவைத்ததும் உயர்த்தப்போகிறார் என்று நினைத்தேன். சட்டை முனையால் கொடியைத் துடைத்தார், முன்புறம், பின்புறம், திருகாணி வரைக்கும். துடைத்து, இருந்தபடியே விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தார்.